ரோமானிய எழுத்தில் ‘கசடு’ என்று ஏசப்பட்டவர்கள் யார்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ரோமக் குடியரசின் கடைசிக் காலத்து அரசியல்வாதி கிளோடியஸ். அவர் பின்னால் திரண்டவர்களைக் கூலிப்படை, அடிமைகள், குற்றவாளிகள் என்று அவருடைய எதிரியும் பேச்சாளருமான சிசரோ எழுதுகிறார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து செல்சஸ் என்ற கிரேக்க மொழி எழுத்தாளர் கிறிஸ்தவர்களைச் செருப்புத் தைப்பவர்கள், துணி வெளுப்பவர்கள், எழுத்தறியாத நாட்டுப்புறத்தார் என்று எள்ளுகிறார். அதற்கும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, கிறிஸ்தவ ஆயரான அகஸ்டின், வட ஆப்பிரிக்கக் கிராமப்புறத்தின் கிறிஸ்தவக் கூட்டம் ஒன்றைப் பற்றி ஏறக்குறைய அதே தொனியில் எழுதுகிறார். ‘இதெல்லாம் வெறும் மேடை வசவுதானா, இல்லை அந்த மக்களைப் பற்றி இதிலிருந்து உண்மையாக ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் அதற்கு முன்னால் அந்த வசவு என்ன வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். ரோமில் அரசியல் வசவு வெறும் கோபப் பேச்சு அல்ல. திரண்டு நிற்பவர்கள் ‘மக்கள்’ அல்ல என்று முதலில் நிறுவிவிட்டால், அப்புறம் அவர்களை அடிப்பதும் கொல்வதும் குடிமக்கள் மேல் நடந்த வன்முறையாகக் கணக்கில் வராது. அதற்காகத்தான் அந்தச் சொற்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், ஏசுகிறவர் தன்னையறியாமல் சொல்லிவிடும் விவரங்கள் நிறையக் கிடைக்கும்.

கி.மு. 133இலிருந்து தொடங்கலாம். அந்த ஆண்டு திபேரியஸ் கிராக்கஸ் டிரிப்யூன் ஆனார். டிரிப்யூன் என்பது சாமானியர்களின் பாதுகாவலர் பதவி. பதவியில் இருப்பவர் மேல் கை வைப்பது தெய்வக் குற்றம். அரசுக்குச் சொந்தமான நிலத்தைச் செல்வக் குடும்பங்கள் வரம்பு மீறி வளைத்துப் போட்டிருந்தன. ஆளுக்கு 500 யூகெரா (ரோம நில அளவு) என்ற பழைய வரம்பை மறுபடி நடைமுறைக்குக் கொண்டுவந்து, மிச்சத்தை நிலமில்லாத குடிமக்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அவர் கொண்டுவந்த சட்டம். மக்களிடம் போய் இந்தச் சட்டம் தவறு என்று வாதாட முடியாது. ஆகவே பேச்சு நிலத்தை விட்டுவிட்டு ஆளின் மேல் திரும்பியது: இவன் அரசனாகப் பார்க்கிறான் என்றார்கள். அரசர்களைத் துரத்திவிட்டுக் குடியரசு அமைத்ததாகப் பெருமைப்படும் ஊரில் இதைவிடக் கொடிய குற்றச்சாட்டு கிடையாது. பெர்கமம் நாட்டு மன்னரின் மகுடமும் ஊதாநிற அங்கியும் திபேரியஸிடம் ரகசியமாக வந்து சேர்ந்துவிட்டதாக அவர் பக்கத்து வீட்டுக்காரரே உயர்குடியினரின் மன்றமான செனட்டில் சொன்னார்.

கடைசி நாளில் நடந்ததைக் கிரேக்க வரலாற்று எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். கூச்சலில் குரல் கேட்காததால், தன் உயிருக்கு ஆபத்து என்று காட்டத் திபேரியஸ் கையைத் தலைக்குக் கொண்டுபோனார். அவன் மகுடம் கேட்கிறான் என்று எதிரிகள் செனட்டுக்கு ஓடினார்கள். தலைமைப் பூசாரியான ஸ்கிபியோ நாசிகா செனட்டர்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். உடைந்த பெஞ்சுக் கால்களாலும் தடிகளாலும் 300க்கு மேற்பட்டவர்களை அடித்துக் கொன்றார்கள். பிணங்களைத் திபெர் ஆற்றில் வீசினார்கள். அடக்கம் செய்ய உடலைக் கேட்ட தம்பி கையஸுக்கு அதுகூட மறுக்கப்பட்டது. ஒரு சைகைக்கு எதிரிகள் கொடுத்த பொருள் இத்தனை உயிர்களை வாங்கிவிட்டது.

அந்தக் கொலை நியாயமானதே என்று சொன்னவர் கார்த்தேஜை அழித்த ஸ்கிபியோ எமிலியானஸ். கூட்டம் அவரைப் பார்த்துக் கத்தியபோது, ‘இத்தாலி யாருக்கு மாற்றாந்தாயோ அவர்கள் வாயை மூடுங்கள்’ என்றார். ‘நான் விலங்கு மாட்டிக் கூட்டிவந்தவர்கள் அவிழ்த்துவிடப்பட்டார்கள் என்பதற்காக அவர்களுக்குப் பயப்பட மாட்டேன்’ என்றும் சொன்னார். எதிரே நின்றவர்கள் வாக்குரிமை உள்ள ரோமக் குடிமக்கள். அவர்களைப் போர்க்கைதிகளின் கூட்டமாக அந்த ஒரு வாக்கியம் மாற்றிவிட்டது. ‘நீ இந்த ஊர்க்காரனே இல்லை’ என்ற வசவு இவ்வளவு பழையது.

இனி சிசரோ. அவருடைய பேச்சுகளும் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய தனிக் கடிதங்களும் நம்மிடம் இருப்பதால், மேடையில் சொன்னதையும் வீட்டில் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. பழங்கால அரசியல்வாதிகளில் வேறு யாருக்கும் இந்த அளவுக்கு அது முடியாது.

கி.மு. 63 ஜனவரி. அந்த ஆண்டின் கான்சலாக, அதாவது ஆட்சித் தலைவராகப் புதிதாகப் பதவியேற்ற சிசரோ, டிரிப்யூன் ரூல்லஸ் கொண்டுவந்த நிலச் சட்டத்தை எதிர்த்து மக்கள் முன் பேசுகிறார். தானும் மக்கள் பக்கத்துக் கான்சல்தான் என்கிறார். கிராக்கஸ் சகோதரர்களை ரோமச் சாமானியர்கள்மேல் பேரன்பு கொண்ட பெரியவர்கள் என்று புகழ்கிறார். அப்புறம் ஒரு அம்பு விடுகிறார்: நகரத்துச் சாமானியர்களுக்குச் செல்வாக்கு அதிகமாகிவிட்டது, அவர்களை இறைத்து வெளியேற்ற வேண்டும் என்று ரூல்லஸ் செனட்டில் சொன்னாராம், இவ்வளவு நல்ல குடிமக்களைப் பற்றிப் பேசாமல், கப்பலின் அடியில் தேங்கிய சாக்கடையைப் பற்றிப் பேசுவதுபோல அல்லவா பேசியிருக்கிறார் என்று கூட்டத்தைக் கிளறிவிடுகிறார்.

அதே ஆண்டு நவம்பர். ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்வதாகக் கடிலினா என்ற உயர்குடியினரைக் குற்றம்சாட்டிச் செனட்டில் பேசும்போது, நீ வெளியேறினால் உன் கூட்டாளிகள் என்ற குடியரசின் சாக்கடையும் நகரத்தைவிட்டு இறைக்கப்பட்டுவிடும் என்கிறார் இதே சிசரோ. சாக்கடை, இறைத்தல் இரண்டும் அதே சொற்கள். ஜனவரியில் புகழ்ந்த திபேரியஸ் கிராக்கஸைக் கொன்ற நாசிகாவை இப்போது முன்னுதாரணமாகக் காட்டுகிறார். மூன்றாண்டு கழித்து, கி.மு. 60இல் வேறொரு நிலச் சட்டம் வருகிறது. அதைச் சில திருத்தங்களோடு தான் ஆதரித்ததற்குக் காரணமாக அட்டிகஸுக்கு அவர் எழுதுவது: ‘நகரத்தின் சாக்கடையை இறைத்துவிடலாம், இத்தாலியின் ஆளற்ற இடங்களையும் நிரப்பலாம்.’ ரூல்லஸ் சொன்னதாகச் சொல்லி மக்களைக் கொதிக்கவைத்த அதே கருத்து அவருடைய சொந்தக் கருத்தாகவே இருந்திருக்கிறது. இன்னொரு கடிதத்தில் மேடைக் கூட்டத்தை ‘கஜானாவின் அட்டை’, ‘பரிதாபமான பட்டினிச் சாமானியக் கும்பல்’ என்கிறார்; வேறொன்றில், செனட்டர் கேட்டோ பிளேட்டோவின் இலட்சியக் குடியரசில் இருப்பதாக நினைத்துப் பேசுகிறார், ஆனால் நாம் இருப்பது ரோமை நிறுவிய ரோமுலஸின் கசட்டில் என்று எழுதுகிறார்.

இதனால் சிசரோவை வெறும் வேஷக்காரர் என்று முடித்துவிட வேண்டாம். உயர்குடியினர் தங்களுக்குள் சாதாரணமாகப் பேசிக்கொண்ட மொழி இது. மக்கள் முன்னால் மட்டும் அதை மறைத்தாக வேண்டியிருந்தது. வாக்குக் கையில் இருக்கும் வரை சாமானியர்களுக்கு அந்த அளவு மரியாதையாவது கிடைத்தது. பேரரசுக் காலத்தில் தேர்தல்கள் பொருளிழந்தபின் அந்த மறைப்பும் தேவைப்படவில்லை. நீரோவின் மரணச் செய்தி வந்தபோது ரோம் எப்படி நடந்துகொண்டது என்று எழுதும் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், பெரிய வீடுகளைச் சார்ந்து வாழும் ‘கெடாத மக்கள்’ ஒருபுறம், சர்க்கஸ் என்ற தேர்ப்பந்தய மைதானத்திலும் நாடக அரங்கிலும் பழகிய ‘அழுக்குச் சாமானியர்’ மறுபுறம் என்று வெளிப்படையாகவே பிரித்துவிடுகிறார். செல்வரைச் சார்ந்திருந்தால் நல்ல மக்கள், இல்லாவிட்டால் அழுக்கு!

இப்போது நீங்கள் கேட்ட கிளோடியஸ். பிறப்பால் பெரிய குடும்பம். டிரிப்யூன் ஆவதற்காகவே கி.மு. 59இல் சாமானியக் குடும்பம் ஒன்றுக்குத் தத்துப் போனவர். அடுத்த ஆண்டு டிரிப்யூனாக நகரத்துக் குடிமக்களுக்குத் தானியத்தை இலவசமாக்கினார். கி.மு. 64இல் செனட் தடைசெய்திருந்த தொழிற்சங்கங்களையும் தெருச் சங்கங்களையும் மறுபடி சட்டபூர்வமாக்கினார். கடிலினாவின் கூட்டாளிகளான குடிமக்களை விசாரணையில்லாமல் கொன்றார் என்று சிசரோவை நாடுகடத்தினார். ஆகவே சிசரோவின் கோபத்தில் சொந்தக் காயமும் உண்டு.

நாடு திரும்பிய பின் கி.மு. 57இல் தன் வீட்டைத் திரும்பக் கேட்டுச் சிசரோ பேசிய பேச்சில் ஓர் இடம். கூலி கொடுத்துத் திரட்டப்பட்டவர்களை, அதிகாரிகள்மேல் வன்முறை செய்யவும் செனட்டை முற்றுகையிடவும் தூண்டிவிடப்பட்டவர்களை ரோம மக்கள் என்று நினைக்கிறாயா என்று கிளோடியஸைக் கேட்கிறார். கூலிக்கு மாரடிக்கிற கூட்டம் என்று நாம் சொல்வோமே, அதே வசவு. ஆனால் உடனே அடுத்த வரியில், ‘கடைகளை மூடவைக்காமல் உன்னால் அந்தக் கூட்டத்தைக்கூடச் சேர்க்க முடியவில்லையே’ என்று மட்டம்தட்டுகிறார். இங்கேதான் உண்மை வெளியே வருகிறது. கடையை மூடினால்தான் கூட்டம் சேரும் என்றால், வந்தவர்கள் கடைக்காரர்களும் கைவினைஞர்களும் அவர்களிடம் வேலை பார்த்தவர்களும்தான். வேலைவெட்டியில்லாத அடியாட்களைக் கூட்ட எந்தக் கடையையும் மூட வேண்டியதில்லை. அதே பேச்சில் கிளோடியஸின் ஆள் ஒருவரைக் கடைக்காரர்களைக் கிளப்பிவிடுகிறவர் என்றும் திட்டுகிறார். அடுப்பு எரியத் தானியம் வேண்டும், நாலு பேர் சேர்ந்துபேசச் சங்கம் வேண்டும் என்று வந்த, தொழில் செய்து பிழைக்கும் நகரத்து மக்களின் உருவம் அந்த வசவுக்குள்ளேயே தெரிகிறது.

கிளோடியஸின் ஆட்கள் அடிதடி செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. நிறையவே செய்தார்கள். ஆனால் எதிரணியில் மிலோ கிளாடியேட்டர்களை வைத்துக்கொண்டு அதே அடிதடியைச் செய்தபோது, சிசரோவுக்கு அது குடியரசைக் காக்கும் வீரம். கி.மு. 52 ஜனவரியில் அப்பியன் சாலையில் மிலோவின் ஆட்கள் கிளோடியஸைக் கொன்றார்கள். மக்கள் உடலைச் செனட் மண்டபத்துக்குள் தூக்கிப்போய், பெஞ்சுகளை அடுக்கிச் சிதை மூட்டினார்கள்; மண்டபமே எரிந்துபோனது. கூலிக்கு வந்தவர்கள் கூலி கொடுப்பவர் செத்த பிறகும் இப்படி அழுது கொந்தளிப்பார்களா என்ற கேள்வியைச் சிசரோவின் வாசகர்கள் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த வகை வசவு இன்னும் விஷமானது. கூட்டத்தை அழுக்கு என்பதோடு நிறுத்தாமல், இரவு, ரகசியம், காமம், கொலை எல்லாவற்றையும் சேர்த்துப் பின்னுவது. இதன் மூலவார்ப்பு கி.மு. 186இல் மதுக் கடவுளான பாக்கஸை வழிபட்ட குழுக்கள்மேல் நடந்த ஒடுக்குமுறை. வரலாற்றாசிரியர் லிவி சொல்லும் கதையில் இரவு விருந்து, ஆண் பெண் கலப்பு, பொய் உயில், தாளமும் மேளமும் அலறலை மறைக்க நடக்கும் கொலை என்று எல்லாம் வருகின்றன. 7,000க்கு மேற்பட்டவர்கள் சதியில் சம்பந்தப்பட்டதாகச் சொல்லி, சிறையில் அடைத்தவர்களைவிடக் கொன்றவர்கள் அதிகம் என்கிறார். ஏறக்குறைய இரண்டாவது ஒரு மக்கள் திரளே உருவாகிவிட்டது என்ற வாக்கியமும் அங்கே இருக்கிறது.

லிவி எழுதியது சம்பவத்துக்குச் சுமார் 160 ஆண்டு கழித்து. நல்லவேளையாக, செனட்டின் அப்போதைய ஆணையே ஒரு வெண்கலப் பட்டயத்தில் 1640இல் தென் இத்தாலியின் திரியோலோவில் கிடைத்தது. அதைப் படித்தால் காமமும் கொலையும் எங்கேயும் இல்லை. அதில் இருப்பவை: ஆண்கள் பூசாரியாக இருக்கக் கூடாது, குழுவுக்குத் தலைவர் இருக்கக் கூடாது, பொதுப் பணம் வைக்கக் கூடாது, ஒருவருக்கொருவர் உறுதிமொழி எடுக்கக் கூடாது, அனுமதியின்றி ஐந்து பேருக்கு மேல், அதாவது இரண்டு ஆண், மூன்று பெண்ணுக்கு மேல் சேரக் கூடாது. அதிகாரத்தின் உண்மையான பயம் இந்த வரிகளில்தான் எழுதப்பட்டிருக்கிறது. தலைவரும் நிதியும் உறுதிமொழியும் உள்ள, அரசு அமைக்காத ஓர் அமைப்பைக் கண்ட பயம் அது. காமக் கதைகள் அந்தப் பயத்தை மற்றவர்களுக்கும் பரப்பப் பயன்பட்டன.

இந்தப் பயம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு, பிளினிக்கும் டிராஜன் பேரரசருக்கும் இடையே ஓடிய கடிதங்களைவிட நல்ல சான்று இல்லை. இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த பிளினி, நிக்கோமீடியாவில் பெரிய தீவிபத்து நடந்தபின், 150 பேரைக் கொண்ட தீயணைப்புக் குழு அமைக்க அனுமதி கேட்கிறார். டிராஜன் மறுக்கிறார். என்ன பெயர் வைத்தாலும், என்ன காரணத்துக்குச் சேர்த்தாலும், ஒன்று சேர்ந்தவர்கள் சீக்கிரமே அரசியல் சங்கமாகிவிடுவார்கள் என்பது அவர் பதில். ஊர் எரிந்தாலும் பரவாயில்லை, ஆட்கள் சேரக் கூடாது!

அதே பிளினிதான் 112ஆம் ஆண்டு வாக்கில் கிறிஸ்தவர்களை விசாரித்தவர். விடியும் முன் கூடிப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், வாக்குத் தவற மாட்டோம் என்று உறுதிமொழி எடுக்கிறார்கள், அப்புறம் கூடிச் சாப்பிடுகிறார்கள். அதுவும் சாதாரணமான, தீங்கில்லாத உணவு. சங்கங்களுக்குத் தடை வந்தபின் அதையும் நிறுத்திவிட்டார்கள். இதற்கு மேல் ஏதாவது கிடைக்குமா என்று ஊழியப் பெண்களாக இருந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரிக்கிறார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் கடிதத்தில் அவர் எழுதுவது, ‘கெட்டுப்போன, அளவு மீறிய மூடநம்பிக்கை’, நகரங்களிலிருந்து கிராமங்களுக்கும் வயல்களுக்கும் பரவிய ‘தொற்று’. தான் கண்டறிந்ததற்கும் தான் எழுதிய சொல்லுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அவர் கவனிக்கவே இல்லை. அந்த இரண்டு பெண்களின் பெயரைக்கூட அவர் எழுதவில்லை என்பது இந்தக் கடிதத்தை எப்போது படித்தாலும் என்னை வருத்துகிறது.

தமிழ் வேதாகமம் வாசித்தவர்களுக்கு இந்தக் குற்றச்சாட்டு மொழி பழக்கமானதுதான். அப்போஸ்தலர் நடபடிகளில் தெசலோனிக்கே ஊர்க்காரர்கள் ‘உலகத்தைக் கலக்குகிறவர்கள் இங்கேயும் வந்திருக்கிறார்கள்’ என்று கத்துகிறார்கள். இயேசு என்ற வேறொரு ராஜா உண்டென்கிறார்கள் என்று முறையிடுகிறார்கள். திபேரியஸ் கிராக்கஸைக் கொன்ற அதே அரசன் குற்றச்சாட்டு. தெர்த்துல்லு என்ற வழக்குரைஞர் ஆளுநர் முன்னால் பவுலைக் கொள்ளைநோய் என்கிறார், கலகம் எழுப்புகிறவர் என்கிறார். ரோம ஆளுநரின் காதில் எந்தச் சொல் வேலை செய்யும் என்று அந்த வழக்குரைஞருக்குத் தெரிந்திருக்கிறது. இதில் இன்னொன்றும் உண்டு. பவுலை எதிர்த்துக் கூட்டம் திரட்டியவர்களைப் பற்றி அதே நூல், சந்தையில் திரியும் வீணரான பொல்லாதவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று எழுதுகிறது. வசவுக்கு ஆளானவர்களின் நூலிலும் எதிரியின் கூட்டம் என்றால் அது சந்தைக் கும்பல்தான்.

செல்சஸ் 170களின் இறுதியில் எழுதிய நூல் நேரடியாகக் கிடைக்கவில்லை; சுமார் எழுபது ஆண்டு கழித்து ஒரிஜன் என்ற கிறிஸ்தவ அறிஞர் அதற்கு மறுப்பு எழுதும்போது வரிவரியாக மேற்கோள் காட்டியதால் பெரும்பகுதி தப்பியது. வீடுகளில் கம்பளி வேலை செய்கிறவர்கள், செருப்புத் தைப்பவர்கள், துணி வெளுப்பவர்கள், வீட்டுப் பெரியவர்கள் முன்னால் வாய் திறக்கமாட்டார்கள்; பிள்ளைகளும் பெண்களும் தனியாகக் கிடைத்தால், அப்பா சொல்வதையும் வாத்தியார் சொல்வதையும் கேட்காதே என்று ஓதுவார்கள் என்கிறார். குளத்தைச் சுற்றி உட்கார்ந்த தவளைகள், சேற்று மூலையில் கூடிய புழுக்கள் என்றும் ஒப்பிடுகிறார். கிறிஸ்தவ எழுத்தாளர் மினூசியஸ் ஃபெலிக்ஸின் உரையாடல் நூலில் வரும், பழைய தெய்வங்களை வழிபடும் பேகன் பாத்திரமும், கடைசிக் கசட்டிலிருந்து பொறுக்கிய அறிவிலிகளும் எளிதில் நம்பும் பெண்களும் சேர்ந்த சதிகாரக் கும்பல் என்று அதே பாட்டைத்தான் பாடுகிறது. கசடு, சதி, பெண்கள், இருட்டு: கிளோடியஸையும் பாக்கஸையும் ஏசிய சொற்கள் ஒன்று குறையாமல் இங்கே வந்துவிட்டன.

ஆனால் செல்சஸின் வரிகளில் உள்ள விவரம் வெறும் மரபுச் சொல் அல்ல என்பது என் எண்ணம். புதிய நம்பிக்கை வீட்டின் பின்கட்டு வழியாக, பட்டறை வழியாக, பெண்கள் வழியாகப் பரவியது, குடும்பத் தலைவனின் அதிகாரம் அங்கே ஆட்டம்கண்டது என்பதை அவர் கண்ணால் பார்த்து எழுதியதுபோல எழுதுகிறார். இழிவு என்று அவர் நினைத்ததை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நல்ல சமூகச் சித்திரம்.

கிறிஸ்தவர்கள் இதற்குப் பதில் சொன்ன விதம் தடுமாற்றமானது. மினூசியஸின் நூலிலேயே கிறிஸ்தவப் பாத்திரம், எங்களை ஏழைகள் என்பது இழிவல்ல, பெருமை என்கிறது. அதே பாத்திரம் இன்னோர் இடத்தில், உங்கள் பதவிகளை மறுக்கிறோம் என்பதால் நாங்கள் அடிமட்டக் கும்பல் ஆகிவிட மாட்டோம் என்றும் சொல்கிறது. 197இல் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் டெர்டூலியன் இன்னும் துணிச்சலானவர். நேற்று வந்த நாங்கள் உங்கள் ஊர்களையும் கோட்டைகளையும் அரண்மனையையும் செனட்டையும் நிரப்பிவிட்டோம் என்கிறார். நல்லவர்கள் கூடுவது கும்பல் அல்ல, அது ஒரு மன்றம் என்கிறார்; குற்றமற்றவர்களின் ரத்தம் கேட்டுக் கூச்சலிடுகிற கூட்டத்துக்குத்தான் கும்பல் என்ற பெயர் பொருந்தும் என்று திருப்பிக் கொடுக்கிறார். கவனியுங்கள், அவர் அந்தச் சொல்லை ஒழிக்கவில்லை. வேறொருவர் தலைமேல் வைக்கிறார். ஆட்சி கைக்கு வந்தபோது அந்தச் சொல் பத்திரமாகக் காத்திருந்தது.

வட ஆப்பிரிக்காவில் அது வெளிப்பட்டது. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், துன்புறுத்தலின்போது வேதப் பிரதிகளை அதிகாரிகளிடம் ஒப்படைத்த ஆயர்களை ஏற்க மாட்டோம் என்று பிரிந்த திருச்சபையினர் டொனாட்டிஸ்டுகள். பேரரசு ஆதரித்தது எதிர்த்தரப்பை. நுமிதியாவின், அதாவது இன்றைய கிழக்கு அல்ஜீரியாவின், கிராமப்புறத்தில் டொனாட்டிஸ்டுகளோடு சேர்ந்து இயங்கிய கூட்டத்தைச் சர்க்கம்செல்லியன்கள் என்று எதிரிகள் அழைத்தார்கள். குடில்களைச் சுற்றித் திரிகிறவர்கள் என்ற ஏளனம் அதில் உண்டு. அவர்கள் தங்களை வைத்துக்கொண்ட பெயர் கிறிஸ்துவின் போராளிகள்.

ஒப்டாட்டஸ் என்ற மிலேவிஸ் ஆயர் 360களில் எழுதியதைப் பாருங்கள். ஆக்சிதோ, ஃபாசிர் என்ற இருவர் ‘புனிதர்களின் தலைவர்கள்’ என்று அழைக்கப்பட்டார்களாம், பைத்தியக்காரர்களால். அப்போது கடன் பத்திரங்களுக்கு மதிப்பே போய்விட்டது; எந்தக் கடன்காரரையும் நெருக்க யாருக்கும் துணிவில்லை; அந்தத் தலைவர்களின் கடிதம் வந்தால் கொடுத்த கடனை மறந்துவிட்டு உயிர்பிழைக்க ஓடவேண்டும். எஜமானர்களை வண்டியிலிருந்து இறக்கி, அடிமைகளை உட்கார வைத்து, வண்டிக்கு முன்னால் எஜமானரை ஓடவிட்டார்கள். டொனாட்டிஸ்டு ஆயர்களே பயந்துபோய்ப் படைத் தளபதி டவுரினஸுக்கு எழுதினார்கள். படை சந்தைகளில் புகுந்து கொன்று தீர்த்தது. ஐம்பது ஆண்டு கழித்து, 417இல் தளபதி போனிஃபேசுக்கு அகஸ்டின் எழுதிய நீண்ட கடிதத்திலும் இதே பட்டியல் வருகிறது: அடிமைப் பத்திரங்கள் கிழிக்கப்பட்டன, கடன் சீட்டுகள் பிடுங்கிக் கடனாளிகளிடம் கொடுக்கப்பட்டன, நல்ல குடும்பத்துப் படித்தவர்களைச் செக்குமாடுபோல மாவரைக்கும் கல்லில் கட்டி ஓட்டினார்கள்.

பைத்தியம், குடி, வெறி, மலையிலிருந்து குதித்துச் சாகும் மோகம் என்று ஏசும் அதே பக்கத்தில்தான் கடன் சீட்டும் அடிமைப் பத்திரமும் வருகின்றன. பைத்தியக்காரர்கள் ஆவணங்களைத் தேடிப் பிடித்துக் கிழிக்க மாட்டார்கள். எதை அழித்தால் தங்கள் கழுத்துச் சுருக்கு அவிழும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை அது. இன்னொரு துண்டும் இருக்கிறது. 412இல் ஹொனோரியஸ் பேரரசர் டொனாட்டிஸ்டுகளுக்கு விதித்த அபராதச் சட்டத்தில், உயர்பதவிக்காரர்களுக்கு இத்தனை பவுண்டு தங்கம் என்று படிப்படியாக இறங்கிவரும் பட்டியலில், சர்க்கம்செல்லியன்களுக்குப் பத்துப் பவுண்டு வெள்ளி. அடிமைகளுக்கும் குத்தகைக் குடியானவர்களுக்கும் அபராதம் இல்லை; அடிமைகளுக்கு எஜமானரின் கண்டிப்பு, குடியானவர்களுக்கு அடி. ஆகவே சட்டத்தின் பார்வையில் இவர்கள் அடிமைகளும் அல்ல, நிலத்தோடு கட்டப்பட்டவர்களும் அல்ல. வெறும் ரவுடிக் கூட்டமும் அல்ல. அறுவடைக்கும் ஒலிவம் பறிக்கவும் ஊர் ஊராகப் போகும் சுதந்திரமான கூலியாட்களாக இருக்கலாம் என்ற கருத்து எனக்குச் சரியாகப் படுகிறது.

அகஸ்டின்மேல் எனக்கு மதிப்பு உண்டு, அதனால் இதையும் சொல்ல வேண்டும். வன்முறை கற்பனை அல்ல. பாகாய் ஊரின் கத்தோலிக்க ஆயரைப் பலிபீடத்துக் கட்டைகளால் அடித்துக் குத்திக் கோபுரத்திலிருந்து தள்ளினார்கள். அவர் பிழைத்தது தற்செயல். அகஸ்டினின் பயம் நியாயமானது. ஆனால் அந்தக் கடிதம் எழுதப்பட்டதன் நோக்கம், அரசு வற்புறுத்தி மதம் மாற்றுவது நியாயம் என்று நிறுவுவது. அதற்கு எதிர்த்தரப்பு வெறிக் கும்பலாக இருந்தாக வேண்டும். சர்க்கம்செல்லியன்களின் முகமே மொத்த டொனாட்டிஸ்டு மக்களின் முகமாகக் காட்டப்பட்டது. அமைதியாகத் தங்கள் கோயிலுக்குப் போய்வந்த பெரும்பான்மையினரும் அந்தச் சட்டங்களில் அகப்பட்டார்கள்.

பாக்கஸ் கதையும் திரும்பி வந்தது. ஒருகாலத்தில் கிறிஸ்தவர்கள் குழந்தையைக் கொன்று தின்கிறார்கள் என்று ஊர் பேசியது. 4ஆம் நூற்றாண்டில் எபிஃபேனியஸ் என்ற ஆயர், பெண்களைத் தீர்க்கதரிசிகளாக ஏற்ற மொன்டானிஸ்டுகளின் குழு ஒன்று குழந்தையை ஊசியால் குத்தி ரத்தம் எடுக்கிறது என்று எழுதினார். தன் முன்னோர்மேல் வீசப்பட்ட பழியை ஒரு கிறிஸ்தவரே எடுத்து வீசுகிறார். இந்த மொத்த வரலாற்றில் எனக்கு மிகவும் வலிப்பது இந்த இடம்தான்.

சால்வியன் என்ற ஒருவர் மட்டும் வேறு மாதிரிப் பேசினார். கால் நாட்டில், இன்றைய பிரான்ஸில், 280களில் பகௌடாக்கள் என்ற குடியானவர் கிளர்ச்சி எழுந்தது. 289இல் பேரரசர் மாக்சிமியன் முன் புகழுரை பாடியவர் அவர்களின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. உழவன் காலாட்படையையும் மேய்ப்பன் குதிரைப்படையையும் பார்த்து நடித்த இரட்டை உருவ அரக்கர்கள் என்றார். அந்த வெற்றியை நீங்களே மறக்க விரும்புகிறீர்கள் என்று சட்டென்று கடந்துவிட்டார். சொந்தக் குடிகளைக் கொன்றதில் பெருமை இல்லை என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. 440களில் அதே பெயரோடு கிளர்ச்சி மறுபடி எழுந்தபோது மார்செய்யின் குரு சால்வியன் எழுதியது: ‘கலகக்காரர்கள் என்கிறோம், நாசமாய்ப் போனவர்கள் என்கிறோம், அவர்களைக் குற்றவாளிகளாக ஆக்கியவர்களே நாம்.’ வரி வசூலும் நீதிபதிகளின் கொள்ளையும் தவிர வேறு எது அவர்களைப் பகௌடாக்கள் ஆக்கியது என்று கேட்கிறார். சால்வியனும் கடுமையாக ஏசுகிறவர்தான், ஆனால் அவர் ஏசுவது மேலே இருப்பவர்களை.

கடைசியாக, அந்த மக்களே எழுதியது ஏதாவது உண்டா என்று நீங்கள் கேட்கக்கூடும். நூல்களாக அனேகமாக இல்லை. கல்லிலும் சுவரிலும் இருக்கிறது. ரோமுக்குப் பக்கத்தில் லனூவியத்தில் 136ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, ஓர் ஈமச்சடங்குச் சங்கத்தின் விதிகளைத் தருகிறது. சேர 100 செஸ்டர்ஸ் காசும் ஒரு ஜாடி நல்ல திராட்சை மதுவும். மாதம் ஐந்து ஆஸ் (சிறு செம்புக் காசு) சந்தா. அடிமை உறுப்பினர் விடுதலை பெற்றால் சங்கத்துக்கு ஒரு ஜாடி மது தர வேண்டும். அவர் இறந்து, எஜமானர் உடலைத் தர மறுத்தால், உடல் இல்லாமலே சங்கம் அவருக்குச் சடங்கு செய்யும். டிராஜன் பயந்த ‘ஒன்று சேர்ந்தவர்கள்’ தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்ட விஷயங்கள் இவை. பொம்பேயின் சுவர்களில் பழவியாபாரிகளும் கோவேறு கழுதை ஓட்டிகளும் துணி வெளுப்பவர்களும் தங்கள் வேட்பாளருக்கு ஆதரவு கேட்டு எழுதிவைத்திருக்கிறார்கள். நுமிதியாவில், அகஸ்டின் சிங்க கர்ஜனையைவிட மக்கள் அஞ்சினார்கள் என்று சொன்ன ‘கடவுளுக்குப் புகழ்’ என்ற டொனாட்டிஸ்டு முழக்கம், கோயில் கற்களில் செதுக்கப்பட்டுக் கிடைத்திருக்கிறது. சிசரோவையும் செல்சஸையும் அகஸ்டினையும் படிக்கும்போது இந்தக் கல்வெட்டுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.